நம்ம வீடு பதிவேட்டில் இன்னும் ஓட்டு வீடுதான்

வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்ச் சொந்தங்களே, வணக்கம்,

"ஊராட்சிக்கு ஏது வருமானம், நாமதான் எல்லாம் செய்யணும்" என்று போன மடலில் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது எங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'ஓட்டு வீடு' என்று இருக்கிறது, வரியும் அதற்கு உண்டானதுதான். அப்பா காலத்து ஓட்டை இறக்கிவிட்டு மாடி கட்டி 12 வருஷம் ஆகிறது. கீழே நாலு அறை, மேலே மூணு. நான் ஊராட்சியில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நம்ம தெருவில் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும்.

ஊராட்சியின் வரித்தளம் என்றால், எது எதன்மேல் வரி போட அதற்கு உரிமை உண்டோ, அது பதிவேட்டில் எந்த அளவில் ஏறியிருக்கிறதோ, அவ்வளவுதான். 1994 ஊராட்சிகள் சட்டப்படி அதில் முக்கியமானவை வீட்டு வரியும் தொழில் வரியும். நிலத் தீர்வை வருவாய்த் துறைக்குப் போகிறது. தொழில் வரிக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு, அதுவும் ஊரில் வேலையோ தொழிலோ பார்ப்பவர்களிடம் மட்டும். நாம் துபாயிலும் சிங்கப்பூரிலும் வாங்கும் சம்பளம் ஊரில் வீடாக எழும்பிய பிறகுதான் ஊராட்சியின் கைக்கு எட்டும். அந்த வீடும் பழைய அளவிலேயே கிடந்தால்?

மானியம் வருகிறதே என்பீர்கள். 2021-26 காலத்துக்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். மீதியைச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நாம் நன்கொடை போட்டுக் கட்டிய மேல்நிலைத் தொட்டிக்கு விடியற்காலை 5 மணிக்கு வந்து வால்வு திறக்கிறாரே அண்ணன், அவர் சம்பளம் மாதம் தவறாமல் போக ஊராட்சிக்குச் சொந்த வருமானம் வேண்டும். தொட்டியை ஒருதடவை கட்டிவிடலாம், அந்தச் சம்பளம் மாதாமாதம் வேண்டியிருக்கிறதே.

பாக்கி வைத்திருப்பவர்கள் ஊரக வளர்ச்சித் துறை இணையதளத்திலேயே கட்டலாம். ஆனால் பாக்கி தீர்ந்தாலும் ஓட்டு வீடு மாடி வீடாகாது. அதற்கு அளந்து திருத்த வேண்டும். எங்க வீட்டுக்கு மனு எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுத்துவிட்டேன். நகலை இணைத்திருக்கிறேன், பெயரையும் கதவு எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மே 1 கிராம சபைக்கு யார் யார் ஊரில் இருப்பீர்கள்?