‘நம்ம குடும்பம்’ குழு: கார்த்தியோட பிட்ச் டெக்

கார்த்தி: முதலீட்டாளருங்ககிட்ட காட்டற பிட்ச் டெக், அதான் ஸ்லைடுங்க, புதுசா போட்டிருக்கேன். அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஊர் மளிகைக் கடைகளுக்கு, எக்ஸ்பைரி நெருங்கற சரக்கைக் காட்டிக்குடுக்கிற ஆப். அடுத்த வாரம் சான் ஹோசேல பேசணும், மூணே நிமிஷம். மீனாக்கா, சித்தப்பா, தயங்காம கிழிங்க.

மீனா: 17 ஸ்லைடு! மூணு நிமிஷத்துல 400 வார்த்தை பேசினாலே அதிகம். ஆறு வச்சுக்கோ, மீதியைக் கடைசில தள்ளு. கேள்வி வந்தா எடுத்துக் காட்டலாம்.

மீனா: முதல் ஸ்லைடுல லோகோவும் ‘ஏஐ’யும் தவிர ஒண்ணுமில்ல. கடைக்காரர் மாசம் எவ்ளோ சரக்கைக் குப்பைல கொட்டறார்? ஆப்பை சோதனையா ஓட்டற பைலட் கடைங்க கணக்கு அங்க வரணும்.

கார்த்தி: கடை பேர் போடலாமாக்கா?

மீனா: எழுத்துல அனுமதி இருந்தா போடு. இல்லேன்னா ஊர் பேரும் கடை அளவும் போதும்.

ரவி சித்தப்பா: அஞ்சாவது ஸ்லைடு. ‘சந்தையில 1 சதவீதம் பிடிச்சாலே’ன்னு எழுதியிருக்கே. அந்த ஒண்ணு எங்கிருந்து வரும்? கீழருந்து கட்டுடா. கடைக்கு மாசம் 99 டாலர், வருஷம் 1,188. ஆயிரம் கடைக்கு 11.88 லட்சம் டாலர்.

மீனா: அதோட நிறுத்தினா வென்ச்சர் பணம் (வேகமா வளர்ற புதுக் கம்பெனில போடற முதலீடு) வராது சித்தப்பா, அவங்களுக்கு அது சின்னத் தொகை. கொரியன், சீன, மெக்சிகன் கடைங்களையும் அடுத்த வரில சேக்கணும். கார்த்தி, மேடைல ‘லட்சம்’னு வாய் தவறிடாதே. 1.2 மில்லியன்.

மீனா: டெமோ தான் உன் பலம், அதை 13வது ஸ்லைடுல ஒளிச்சு வச்சிருக்கே. பாக்கெட்ல இருக்கிற சாதா பார்கோடுல எக்ஸ்பைரி தேதி இருக்காது, லேபிளைத்தான் படிக்கணும். 05/06ன்னு அச்சடிச்சிருந்தா நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ஆப் அதை எப்படிப் பிரிக்குதுன்னு 20 செகண்ட் காட்டு. மத்த ஆப் ஏன் இங்க தடுக்கி விழுதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிடும்.

ரவி சித்தப்பா: 5 லட்சம் டாலர் கேக்கறே, எத்தனை மாசத்துக்குன்னு இல்ல. 18 மாசம்னா மாசத்துக்கு 27,700 சொச்சம். அதுல மூணு இஞ்சினியரா? சம்பளம், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்தா அந்த ஊர்ல ரெண்டு பேருக்கே இழுபறி.

மீனா: சேஃப்ல (பணம் இப்ப, பங்கு அப்புறம்ங்கிற ஒப்பந்தம்) வாங்கறதா இருந்தா, போஸ்ட்-மனி கேப் (வர்ற பணத்தையும் சேத்து கம்பெனிக்கு வைக்கிற உச்ச மதிப்பு) 5 மில்லியனுக்கு அரை மில்லியன், அதாவது 10 சதவீதம் போகும். கேப்பை ஸ்லைடுல அடிக்காதே, கேட்டா சொல்லு.

பெரியம்மா: கோட்டு போட்டுக்கோ கண்ணா. வெந்நீர் குடிச்சிட்டுப் போ.

மீனா: வெந்நீர் சரி பெரியம்மா. கோட்டு போட்டா பேங்க்காரன்னு நினைப்பாங்க 😄

மீனா: இனிதான் பெரிய ஓட்டை. டீம் ஸ்லைடுல ‘கார்த்தி, சிஇஓ, முழு நேரம்’. நீ இருக்கிறது எச்-1பி விசா, மனு போட்ட கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம்.

கார்த்தி: சம்பளம் வாங்கலையேக்கா?

மீனா: வாங்காட்டியும் வேலை வேலைதான். பங்கு வச்சுக்கலாம். உழைக்கணும்னா அந்தக் கம்பெனி பேர்ல தனி மனு வேணும். 2025 ஜனவரி 17லருந்து அமல்ல இருக்கிற விதில, பெரும்பங்கு வச்சிருக்கிறவருக்கும் அவர் கம்பெனியே மனு போட வழி இருக்கு. முதல் அனுமதியும் முதல் நீட்டிப்பும் 18 மாசத்துக்கு மேல தரமாட்டாங்க. எச்-1பி லாட்டரில (குலுக்கல்) ஏற்கெனவே வந்தவன் நீ, திரும்ப லாட்டரி கிடையாது. இருக்கிற வேலையை விடாம கூடவே போடலாம்.

மீனா: ‘எப்ப முழு நேரமா வருவே?’ன்னு கண்டிப்பா கேப்பாங்க. வக்கீல் சொல்ற தேதிதான் பதில். உன் கூட்டாளி திவ்யாகிட்ட கிரீன் கார்டு இருக்கே, பிட்ச்சை அவளே பேசட்டும். இதுவரைக்கும் ஆப்புக்கு நீ எழுதின கோடை (புரோகிராமை) வக்கீல்கிட்ட மறைக்காதே.

ரவி சித்தப்பா: கோடு யாருக்குச் சொந்தம்? ஆபீஸ்காரன் கேட்டா?

மீனா: கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம் 2870வது பிரிவு. சொந்த நேரத்துல, ஆபீஸ் பொருள் எதுவும் தொடாம, அவங்க ரகசியம் எதையும் எடுக்காம செஞ்சது உனக்குத்தான். ஆனா அவங்க வியாபாரத்தோட ஒட்டியிருந்தா இந்தப் பாதுகாப்பு இல்ல. உன் ஆபீஸ் என்ன பண்றாங்க?

கார்த்தி: பேமென்ட் சாஃப்ட்வேர்.

மீனா: 11வது ஸ்லைடு பாத்தியா? ‘இரண்டாம் ஆண்டு: கடைகளுக்குள் பேமென்ட்’. ஆபீஸ்காரன் கேஸ் போட நீயே சாட்சி எழுதிக் குடுக்கறே. வக்கீல் பாக்கற வரைக்கும் அந்த ஸ்லைடு யாருக்கும் போகக்கூடாது. ஆபீஸ் லேப்டாப்ல இந்த ஃபைலைத் திறந்திருக்கியா?

கார்த்தி: இல்லக்கா, சொந்த மேக்தான். கோடு வச்சிருக்கிற கிட்ஹப்பும் தனிக் கணக்கு.

மீனா: நல்லது. நீயும் திவ்யாவும் கோடை டெலவேர்ல பதிவு பண்ணின உங்க கம்பெனிக்கு எழுதிக் குடுத்த ஒப்பந்தம் இருக்கா? அது இல்லேன்னா முதலீட்டாளர் வக்கீல் அங்கேயே நிறுத்திடுவார்.

கார்த்தி: அது போன வாரம் கையெழுத்தாச்சு. பங்கும் அன்னைக்கே, நாலு வருஷ வெஸ்டிங் (கொஞ்சம் கொஞ்சமா உறுதியாகும்).

ரவி சித்தப்பா: 83(பி), அதான் பங்குக்கு இப்பவே வரிக் கணக்கு பாத்துக்கறேன்னு சொல்ற படிவம், அனுப்பினியா? பங்கு கைக்கு வந்து 30 நாளுக்குள்ள ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) போகணும். தவறினா நீட்டிப்பே கிடையாது. அப்புறம் வெஸ்ட் ஆக ஆக, அன்னைய விலைக்கு வரி கட்டணும். சர்ட்டிஃபைட் மெயில்ல அனுப்பி ரசீதை வச்சுக்கோ.

கார்த்தி: நாளைக்கே அனுப்பறேன் சித்தப்பா. திவ்யாவும் தனியா அனுப்பணும்ல?

ரவி சித்தப்பா: ஆமா, ஆளுக்கு ஒண்ணு.

மீனா: டெக்கை பிடிஎஃப்பா எடு, இல்லேன்னா வேற மெஷின்ல எழுத்துரு கலையும். டெமோவை வீடியோவா பென் டிரைவ்லயும் வை, அங்க வைஃபையை நம்பாதே. எச்டிஎம்ஐ அடாப்டர் உன்னோடதே கொண்டு போ.

மீனா: வியாழன் ராத்திரி 9க்கு திவ்யாவோட கால் போடு, டைமர் வச்சுக் கேக்கறேன். சித்தப்பா, அது உங்களுக்கு இந்திய நேரம் வெள்ளி காலை 9:30.

ரவி சித்தப்பா: வரேன். பணக் கேள்வியெல்லாம் நான் கேக்கறேன்.