லாக் ஆனது சரி, எதன் மேல்?

லேசரின் அலைவெண்ணை மாறாமல் ஃபைபர் வழியே தொலைவுக்கு அனுப்பும் நான்கு ஊர்க்காரர்களின் பேச்சு இது. தூர முனையிலிருந்து திரும்பும் ஒளியைக் குறிப்பு ஒளியோடு கலந்தால் வரும் வேறுபாட்டு அலைவெண்தான் பீட். அதை நிலையாகப் பிடிப்பது லாக், அப்படிப் பிடித்து ஃபைபரின் ஆட்டத்தைத் திருத்தும் ஏற்பாடு லூப்.

பாலக்கோடு:
1542 நானோமீட்டர் லேசர், 25 கி.மீ. ஃபைபர் ஸ்பூல், இந்தப் பக்கம் 75 மெகாஹெர்ட்ஸ் ஏஓஎம் (ஒளியின் அலைவெண்ணை நகர்த்தும் கருவி), அந்த முனையில் ஃபாரடே கண்ணாடி (ஒளியின் துருவத்தைத் திருப்பி அனுப்புவது). ஒளி ஏஓஎம்மை இருமுறை கடப்பதால் பீட் 150 மெகாஹெர்ட்ஸில் வர வேண்டும். வந்தது, லாக்கும் ஆனது. தூர முனையில் மட்டும் அலைவெண் அலைந்துகொண்டே இருந்தது. சந்தேகப்பட்டு ஃபாரடே கண்ணாடியைக் கழற்றினால், திரையில் 150-ல் இருந்த கோடு அசையவே இல்லை! அது இன்னும் உறுத்துகிறது.

லேசர் பக்கம் பச்சை கனெக்டரோடு நீலத்தைச் சொருகியிருந்தார்கள். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலம் தட்டை. இடையே காற்று நின்றால் தட்டை முகம் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். ஸ்பூலில் போய்த் திரும்பும் ஒளியோ 10 டெசிபல் இழந்து பத்தில் ஒரு பங்காகத்தான் வரும். இரண்டும் ஒரே 150-ல் கலந்தால் எதைப் பிடிக்கிறோம் என்றே தெரியாது. தூர முனையில் 40 மெகாஹெர்ட்ஸ் ஏஓஎம் ஒன்று சேர்த்ததும் உண்மையான பீட் 230-க்குப் போனது, கனெக்டர் குப்பை 150-லேயே கிடந்தது. ஃபில்டர் போதும்.

கிருஷ்ணகிரி:
இங்கே தூர ஏஓஎம் இருந்தும் ஃபேஸ் (ஒளியலையின் கட்டம்) மெதுவாக ஏறி இறங்கியது. ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் தாளம் அப்படியே வரைபடத்தில்! ஒளியைப் பிரிக்கும் கப்ளரிலிருந்து, குறிப்பு ஒளி போய்த் திரும்பும் குறிப்புக் கையின் கண்ணாடி வரை உள்ள துண்டு லூப்புக்கு வெளியே நிற்கிறது. ஒரு மீட்டர் ஃபைபரில் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஃபேஸ் சுமார் 7 சுற்று நகரும். கையைக் குட்டையாக்கி, அலுமினியப் பெட்டியில் தெர்மோகோல் சுற்றி வைத்ததும் அடங்கியது.

தருமபுரி:
அண்ணே, ஒரு மீட்டர் கணக்கு சரி. ஆனால் ஏசியைத் திருத்தினால் லிங்க் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் ஃபைபர் கிலோமீட்டருக்கு ஒரு டிகிரியில் 7000 சுற்று நகரும். மெதுவான நகர்வு என்பதால் லூப் அதைத் தின்றுவிடும். வேகமான ஃபேஸ் ஆட்டம்தான் வில்லங்கம். ஓசூரிலிருந்து இங்கே வர 100 கி.மீ. ஃபைபர் என்று வையுங்கள். ஒரு வழிக்கு அரை மில்லிசெகண்ட், அதனால் லூப்பின் அகலம், அதாவது அது திருத்தக்கூடிய வேகம், 500 ஹெர்ட்ஸைத் தாண்டாது. கம்பத்தில் ஆடும் கேபிள், கிரானைட் குவாரி வெடி எல்லாம் லூப்பை ஃபேஸின் சுற்றுக் கணக்கில் தவற வைக்கும். ஃபேஸை அளக்கும் டிடெக்டருக்கு முன் பீட்டின் அலைவெண்ணை 50-ஆல் வகுத்தால் தாங்கும் வீச்சு கூடும்.

இன்னொன்று. சாதாரண ஈடிஎஃப்ஏ (எர்பியம் ஃபைபர் ஒளிப் பெருக்கி, ஆம்ப்) வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் ஐசோலேட்டர் திரும்பும் ஒளியை அடைத்துவிடும். இருவழி ஆம்ப்தான் வேண்டும், அதையும் 20 டெசிபலுக்கு மேல் ஏற்றினால் தானே லேசராக மாறி அலறும். ஃபைபருக்குள் 5 மில்லிவாட்டுக்கு மேல் தள்ளினால் ஒளியைப் பின்னோக்கித் திருப்பும் பிரிலுவான் சிதறல் ஆரம்பிக்கும். 1994-ல் 25 மீட்டரில் காட்டிய இந்த முறை 2012-ல் ஜெர்மனியில் 920 கி.மீ. ஓடியது என்றால், வழி நெடுக இந்த இருவழி ஒழுங்கைக் காத்ததால்தான்.

ஓசூர்:
தருமபுரி சார், பாலக்கோடு சொன்னது ஆம்ப் விஷயமே இல்லையே. கிருஷ்ணகிரிக்கு ஒரு கேள்வி: குறிப்புக் கையில் இருப்பது சாதாரணக் கண்ணாடியா? இங்கே அப்படி இருந்தபோது பேட்ச் கார்டை விரலால் தொட்டாலே பீட் 20 டெசிபல் சரிந்தது. குறிப்புக் கையிலும் ஃபாரடே கண்ணாடி போட்டால் இரு ஒளியின் துருவமும் ஒத்தே திரும்பும். 100 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் பீட்டின் சிக்னல்-இரைச்சல் விகிதம் 30 டெசிபலுக்குக் கீழே போனால், அலைவெண் எண்ணும் கவுன்ட்டரின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். இரண்டு கவுன்ட்டர் வைத்து, எண்ணிக்கை ஒத்துப்போகாத நொடிகளைத் தூக்கிவிடுங்கள்.