ஆடிட்டோரியம் நிகழ்ச்சிகள் ஏன் எப்போதும் லேட்டாகின்றன? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்

ரன்ஷீட்:
நடனப் போட்டி. 12 குழு, குழுவுக்கு 6 நிமிடம், ஆக 72 நிமிடம். தொடக்க உரைகளுக்கு 20. மொத்தம் 92 நிமிடம் என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற 2 நிமிடம், நடுவர்கள் மார்க் போட 1 நிமிடம். இதைச் சேர்த்தால் குழுவுக்கு 9, உரைகளோடு மொத்தம் 128. அந்த 36 நிமிடத் தாமதம் நோட்டீஸ் அச்சுக்குப் போனபோதே முடிவாகிவிட்டது. அன்றைக்குக் காம்பியரை முறைத்துப் பயனில்லை.

நோட்டீஸில் இருக்கும் நிரல் பார்வையாளர்களுக்கு. குழுவின் கையில் இருக்க வேண்டியது ரன் ஷீட். ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் நேரம், மேடையில் யார், எத்தனை மைக், எந்தப் பாட்டு ஃபைல், திரையில் என்ன என்று போட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம்தான் பலரும் விடுவது: அந்த நேரத்தில் சைடில் தயாராக நிற்க வேண்டியது யார். 4ஆம் குழு ஆடும்போது 5ஆம் குழு சைடில், 6ஆம் குழு கிரீன் ரூம் வாசலில். இதைப் பார்க்க ஒரு ஆள், அவருக்கு வேறு வேலை கிடையாது. "அப்படியே பரிசுத் தட்டையும் நீயே எடுத்து வந்துவிடு" என்று அவரிடம் சொன்னால் கதை முடிந்தது.

மிக்சர்மேசை:
அந்த 2 நிமிடத்தைத் தின்பது பெரும்பாலும் பாட்டு ஃபைல். குழு மேடை ஏறிக்கொண்டிருக்கும், ஒருவர் பென்டிரைவை நீட்டுவார், உள்ளே ஒரே பாட்டுக்கு "ஃபைனல்", "ஃபைனல் 2", "புதுசு" என்று மூன்று ஃபைல்.

முந்தைய நாள் மாலையோடு ஃபைல் வாங்குவதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில் ஏற்றி 01, 02 என்று மேடை வரிசைப்படி பெயர் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் 10 விநாடியும் கடைசி 10 விநாடியும் போட்டுக் கேளுங்கள். பாதியில் வெட்டுப்பட்ட ஃபைல் கடைசி 10 விநாடியில்தான் அகப்படும். லேப்டாப்பில் நெட், நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஆன்லைனில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் பாடும். அதே ஃபோல்டர் இன்னொரு லேப்டாப்பிலும் இருக்கட்டும்.

லேப்டாப்பை ஒலி மிக்சரில் சொருகியதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் சுற்றாகச் சேர்வதால் வரும் இரைச்சல். நடுவில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டால் சார்ஜரோடேயே ஓட்டலாம்.

மைக் கீச்சிட்டால் எல்லாரும் ஒலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுபவரின் கையைப் பாருங்கள். மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்திருப்பார். உள்ளே பின்பக்கத்து ஒலியைத் தள்ளிவிடுவதற்கான துளைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் சத்தம் உள்பட. பிடியைக் கீழே இறக்கச் சொன்னாலே பாதி சரியாகும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து.

வாசல்:
மேடைக் கணக்கு சரியாக இருந்தும் சபை பாதி காலியாக இருப்பதால் காத்திருக்கும் கூத்தும் உண்டு. மிச்சப் பேர் வெளியே வரிசையில் நிற்பார்கள். பெயர் தேடி, டிக் அடித்து, பேட்ஜ் கொடுக்க ஒருவருக்கு 30 விநாடி. ஒரு மேசையில் நிமிடத்துக்கு 2 பேர். 300 பேரை 20 நிமிடத்தில் உள்ளே அனுப்ப நிமிடத்துக்கு 15 பேர், ஆக 8 மேசை. போட்டிருப்பது இரண்டு.

மேசைகளைப் பெயரின் முதலெழுத்தால் பிரிக்காதீர்கள், சில எழுத்துகளில் கூட்டம் குவியும். பதிவு எண் வரிசையில் பிரித்தால் சமமாக வரும். கியூஆர் ஸ்கேன் வேகம்தான், ஆனால் ஆப் ஆஃப்லைனில் ஓட வேண்டும். 300 போன் ஒரே வைஃபையில் தொங்கும்போது நெட்டை நம்ப முடியாது. பேட்ஜ் வராதவர்களுக்கு, பெயர் இல்லாதவர்களுக்குத் தனி மேசை. ஒரு தகராறு ஒரு வரிசையையே நிறுத்தும்.

நின்று பார்க்கும் நிகழ்ச்சி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 4 பேருக்கு மேல் விடவே கூடாது. 5ஐத் தாண்டினால் கூட்டம் தானாக அசையத் தொடங்கும், தனி ஆள் நினைத்தாலும் நகர முடியாது. என்எஃப்பிஏ 101 என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு 250 பேருக்கு ஒரு கூட்டப் பொறுப்பாளர் என்கிறது. செல்ஃபி எடுக்கும் வாலண்டியரை அதில் சேர்க்காதீர்கள்.

வயரிங்:
ஹேக்கத்தான், அதாவது குழுக்கள் லேப்டாப்போடு உட்கார்ந்து புரோகிராம் எழுதும் போட்டி நடத்துபவர்களுக்கு. 40 குழு, குழுவுக்கு 4 லேப்டாப், ஒன்றுக்கு 65 வாட் சார்ஜர். 10,400 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 45 ஆம்பியர். எல்லாரும் பேட்டரி இறங்கிய லேப்டாப்போடு வந்து ஒரே நேரத்தில் சொருகுவதால் முதல் மணி நேரத்தில்தான் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும்.

16 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று 3,680 வாட் தாங்கும். அதில் 80 சதவீதத்தோடு, அதாவது 2,900 வாட்டோடு நிறுத்துங்கள். அப்படியென்றால் சர்க்யூட்டுக்கு 44 லேப்டாப், ஆக 4 தனித்தனி சர்க்யூட். எத்தனை பிளக் பாயின்ட் என்று எண்ணுவது வீண், எது எந்த எம்சிபியில் போகிறது என்று எலக்ட்ரீஷியனோடு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குறியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகவே கூடாது, முதல் வயர் சூடேறும். 2,000 வாட் கெட்டில் ஒன்றை அந்த லைனில் சொருகினால் 30 லேப்டாப் இடம் போச்சு.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார வேண்டாம். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி எழ நேரம் எடுக்கும். மிக்சருக்கும் பாட்டு லேப்டாப்புக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் இருக்கட்டும், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

மிக்சர்மேசை:
வயரிங் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன் செய்யும்போது ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதலில். ஆம்புக்கு யுபிஎஸ் இல்லையென்றால், கரன்ட் போனதும் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் நிலையானதும் போடுங்கள்.

ரன்ஷீட்:
வாசலின் 8 மேசை கணக்கு சரி, ஆனால் மேசைக்கு இருவர் என்று 16 வாலண்டியர் கிடைக்காத இடத்தில் பேட்ஜை முந்தைய நாளே வகுப்புவாரியாகக் கொடுத்துவிடலாம். அன்றைக்கு வாசலில் பேட்ஜைப் பார்ப்பது மட்டும்தான், 3 விநாடி வேலை. 2 மேசையே போதும்.