டிசி1 டெஸ்டருக்கு 14500 செல் தேவை (திருகோணமலை)

டிசி1 (TC1) கொம்போனன்ட் டெஸ்டர், அதாவது கப்பாசிற்றர் போன்ற மின்னணு உதிரிகளைச் சோதிக்கும் கருவி; உள்ளே 3.7 வோல்ற் 14500 (14 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம்) லித்தியம் செல். மாரி முழுக்கச் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. இப்போது பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை.

செல்லின் தகட்டில் மல்டிமீற்றர் வைத்தால் 0.9 வோல்ற். செல்லைக் கழற்றிவிட்டு பெஞ்ச் சப்ளையில் (வோல்ற் மாற்றக்கூடிய மின்வழங்கி) இருந்து 3.8 வோல்ற் கொடுத்தேன்: உடனே எழும்பி, 100 மைக்ரோபரட் கப்பாசிற்றரைச் சரியாகக் காட்டியது. ஆகவே டெஸ்டரின் சர்க்கிட் போர்ட்டில் பிழையில்லை. செல்லை 30 மில்லிஅம்பியரில் மெதுவாக 3 வோல்ற்றுக்கு ஏற்றி, பிறகு 4.2 வரை சார்ஜ் செய்தேன். சூடோ வீக்கமோ இல்லை, ஆனால் எதிலும் இணைக்காமல் வைத்தும் விடியமுன் 3.4க்கு இறங்கிவிடுகிறது. வோல்ற் இவ்வளவு கீழே நெடுநாள் கிடந்தால் செல்லுக்குள் உள்ள செம்புத் தகடு கரைந்து, உள்ளேயே மின்கசிவு வரும். இதை இனிச் சார்ஜில் விட ஏலாது.

மத்திய வீதிப் பக்கம் இதைவிடப் பெரிய 18650 செல் தான் கிடைக்கிறது, டெஸ்டர் பெட்டிக்குள் அடங்காது. செல்லில் நேரே ஈயம் வைத்தால் சூட்டில் கெடும். நிக்கல் தகடு ஒட்டிய 14500 செல் திருகோணமலையில் எந்தக் கடையில் எடுக்கலாம்?