குளிர்ந்த வீட்டில் மரத்தவளையின் தொட்டியைச் சூடாக வைப்பது எப்படி?

கேள்வி: குளிர்கால இரவுகளில் எங்கள் டொராண்டோ வீட்டில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுவதால், நாங்கள் வளர்க்கும் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை இரை எடுக்காமல் ஒடுங்கிக் கிடக்கிறது. கண்ணாடித் தொட்டியின் அடியில் வெப்ப விரிப்பு வைக்கலாமா?

பதில் 1: அடியில் வேண்டாம். வெளிப்புறப் பக்கச் சுவரில் ஒட்டி, தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக மட்டுமே மின் இணைப்புக் கொடுங்கள். கட்டுப்பாடில்லாத விரிப்பு கண்ணாடியை அளவுக்கு மீறிச் சூடாக்கி, தவளையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடக்கூடும். பகலில் 24 முதல் 28 டிகிரியும், இரவில் 20 டிகிரியும் போதுமானவை. தவளை இடம் மாறியே தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்வதால், தொட்டியின் மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும்.

பதில் 2: வெப்பம் தொட்டியை உலர்த்திவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது; குளோரின் நீக்கிய நீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்க வேண்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. தெர்மோஸ்டாட்டின் உணரியை எங்கே பொருத்துவது?

பதில் 1: விரிப்பு ஒட்டிய கண்ணாடியின் மீதே பொருத்துங்கள்.