இடது கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்திருந்தால் ஆங்கிள் வகை (மேல், கீழ் கடைவாய்ப்பற்கள் பொருந்தும் விதத்தின் வகைப்பாடு) எது?

வணக்கம், பல் சீரமைப்பு மருத்துவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

நோயாளிக்கு 13 வயது. வலப்புறம் சுத்தமான கிளாஸ் 1 (இயல்பான பொருத்தம்): மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் கன்னமுகடு (கன்னப் பக்க முனை), கீழ்ப்பல்லின் பள்ளத்தில் அமர்கிறது. இடப்புறம் அதே முகடு 3 மி.மீ. முன்னால், கிட்டத்தட்ட அரை முகடு கிளாஸ் 2 (மேல்பல் கீழ்ப்பல்லைவிட முன்னால் இருக்கும் உறவு). ஆனால் இருபுறமும் கோரைப்பல் உறவு கிளாஸ் 1, நடுக்கோடுகள் ஒத்துப்போகின்றன, ஓவர்ஜெட் (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைத் தாண்டி முன்னே நிற்கும் அளவு) 3 மி.மீ.

இடது மேல் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சீக்கிரமே எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு 7 மி.மீ. வேண்டும், இருப்பது 4. பற்களின் மாடலை நாக்குப் பக்கமிருந்து பார்த்தால் அதே கடைவாய்ப்பல்லின் அண்ணமுகடு (அண்ணப் பக்க முனை) கீழ்ப்பல்லின் நடுக்குழியிலிருந்து 1 மி.மீ.தான் முன்னால் இருக்கிறது. ஆக, பல் அண்ணவேரை அச்சாக வைத்துச் சுழன்றிருக்கிறது என்பதே என் கணிப்பு.

(போட்டோவை நம்பவில்லை. கேமரா முன்பக்கமாகச் சாய்ந்தால் கிளாஸ் 2கூட கிளாஸ் 1 போலத் தெரியும். இவை மாடலில் எடுத்த அளவுகள்.)

இதைக் கிளாஸ் 2 சப்டிவிஷன் இடது (இடப்புறம் மட்டும் கிளாஸ் 2) என்று எழுதுவதா, கிளாஸ் 1 எழுதி இடது மேல் பல் நகர்வு என்று குறிப்பதா? சப்டிவிஷன் என்று எழுதிவிட்டால் ஒருபக்க எலாஸ்டிக், பல் எடுப்பு என்று திட்டமே திசைமாறும். டிரான்ஸ்பேலட்டல் ஆர்ச்சால் (இருபுற மேல் கடைவாய்ப்பற்களை அண்ணத்தின் குறுக்கே இணைக்கும் கம்பி) சுழற்சியைத் திருப்பினால் எவ்வளவு இடம் மீளும்? மீதிக்கு ஓப்பன் காயில் (இடத்தை விரிக்கும் சுருள்வில்) போதுமா, மினி ஸ்க்ரூ (பிடிமானத்துக்கு எலும்பில் பொருத்தும் சிறு திருகு) தேவைப்படுமா?