நடவுக் காலத்தில் பெற்றோரைப் பள்ளிக் கூட்டத்துக்கு வரவழைப்பது எப்படி?

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன்; மொத்தம் 41 பிள்ளைகள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் செப்டம்பரில் சம்பா நடவு தொடங்கிய பின் நடந்த இரண்டு கூட்டங்களுக்கும் ஐந்து பேருக்கு மேல் வரவில்லை. தாய்மார்கள் பொழுது விடியும்போதே நடவுக்குப் போய்விடுகிறார்கள். தந்தையர் பலர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். இதை அக்கறையின்மை என்று நான் சொல்லமாட்டேன். சென்ற வாரம் ஒரு தாய், முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு வந்து, உள்ளே ஏறத் தயங்கி, வாசற்படியிலேயே நின்று மகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றினோம். அது அடுப்புப் பற்றவைக்கும் நேரம் என்பதால் பலனில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால், கைபேசி திருப்பூரில் தந்தையிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பாட்டிமாரிடம் சொல்லி அனுப்பிய செய்தியும் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

வயல்வேலை மிகுந்த மாதங்களிலும் பெற்றோர் திரளாக வந்த கூட்டத்தை உங்கள் ஊரில் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடத்தினீர்கள்?